தோட்டத்துப் பிள்ளைக்குப் பிரெஞ்சு சோறு போடுமா?

ஆகஸ்ட் 21, மாலை. ஒரு வாசகர் கேட்டது

அக்கா, சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்தாள். கணக்கியல் கேட்டோம், கடைசியாகப் போட்ட பிரெஞ்சுப் பட்டப்படிப்புதான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அவள் குதிக்கிறாள். என் அண்ணன், "ஈபிள் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போறாளா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நீங்கள் அதைத்தான் படித்தீர்கள் என்று சொன்னார்கள். அனுப்பலாமா?

ஆகஸ்ட் 21, இரவு

தம்பி, முதலில் உங்கள் அண்ணனுக்கு. ஈபிள் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிப்பது வழக்கம். ஒரு தடவைக்குச் சுமார் 60 டன் பிடிக்கும். அது நிரந்தர வேலை என்று சொல்லுங்கள்.

மகளை அனுப்புங்கள்.

நானும் உங்கள் பக்கத்துத் தோட்டம்தான். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். அப்பா ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் இருந்தார். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, ஆறாம் படிவம், அப்புறம் பல்கலைக்கழகம். என்னையும் கேட்டார்கள்: "தமிழ்ப்பிள்ளை, இந்திய ஆய்வியல் துறைக்குப் போனால் ஆசிரியர் வேலையாவது கிடைக்குமே?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறாம் படிவத்தில் வானொலியில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு கேட்டேன், பிடித்தது, அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

முதல் வருடம் ஒவ்வொரு தேர்விலும் தடுமாறினேன். பாடப்புத்தகமும் விளக்கமும் ஆங்கிலத்தில். என் ஆங்கிலமோ ஆறாம் படிவத்து ஆங்கிலம். ஒரு நொண்டி இன்னொரு நொண்டியின் தோளைப் பிடித்து நடந்த கதைதான். இரண்டாம் வருடம் ஒரு நாள் விடுதியில் உட்கார்ந்து இலக்கணத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் கதவு திறந்தது. "ஸ ம ப்லே" என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்று திருப்பி வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் பார்த்தால் 'அது எனக்குப் பிடிக்கிறது'. சொல்லுக்குச் சொல் அதேதான்! ஸ்பானிய மொழியில் "மெ குஸ்தா", இத்தாலியத்தில் "மி பியாசே", எல்லாம் 'எனக்கு' என்றுதான் தொடங்குகின்றன. ஜெர்மானியர் குளிரும்போது "மீர் இஸ்ட் கால்ட்" என்பார். எனக்குக் குளிராக இருக்கிறது. இதைத் தமிழ்ப்பிள்ளைக்கு யார் விளக்க வேண்டும்?

மீதி நாளை. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிடும் இடம்) போகிறவன் மாதிரி எழ வேண்டும்.

ஆகஸ்ட் 22, காலை

பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் 'எனக்கு' வராதே என்று ஒரு வாசகர் சரியாகப் பிடித்துவிட்டார். பசிக்கும்போது பிரெஞ்சுக்காரர் "ழே ஃபேன்" என்பார், அதாவது 'என்னிடம் பசி உண்டு' என்பது போல. வயதுக்கும் அப்படியே. "ழே வேன் தான்", இருபது வருடம் அவர் கையில் இருக்கிறதாம். நமக்கு அப்படி ஒரு வினைச்சொல்லே கிடையாது. 'எனக்கு இருபது வயது' என்கிறோம். ஆக, நேற்று நான் சொன்னது பாதிக் கதை. பிரெஞ்சில் பிடிப்பதற்கு 'எனக்கு', பசிப்பதற்கு 'வைத்திருக்கிறேன்'. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று தமிழை வைத்துப் பார்த்ததால்தான் எனக்கு மறக்கவில்லை.

(ழே என்று எழுதுவதும் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் ழான், ழாக் என்று எழுதும் வழக்கம் வந்துவிட்டது. அந்த ஒலிக்கும் நம் ழகரத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 'வாழைப்பழம்' என்று என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிரெஞ்சு ஆசிரியை, "இது எங்கள் எழுத்து இல்லையே" என்றார். இல்லைதான் அம்மா.)

ஆகஸ்ட் 22, மதியம்

உச்சரிப்பு பயமா என்று மகள் கேட்கிறாளாம். நம் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பிரெஞ்சில் மூக்கால் சொல்லும் உயிரெழுத்துகள் இருக்கின்றன. வகுப்பில் எல்லாரும் அதில்தான் திணறுவார்கள். 'அவன் வந்தான்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி னகரத்தில் நாக்கு மேலே படுகிறதா? படாது, மூக்கோடு போய்விடும். 'மரம்', 'போறோம்' எல்லாம் அப்படித்தான். பேச்சுத்தமிழில் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம். என்னை முன்னால் நிறுத்தி மற்றவர்களைக் கேட்கச் சொன்னார் ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் எனக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது.

கொடுப்பினை இல்லாத இடமும் உண்டு. ஸகரத்துக்குக் குரல் கொடுத்தால் வரும் ஒலி நமக்குக் கிடையாது. மீனுக்கு "ப்வஸோன்", விஷத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொல், நடுவில் அந்த ஒலி மட்டும் மாறும். நான் பாவம், அந்த ஒலியைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லா இடத்திலும் அதையே போட்டேன். அம்மா வெள்ளிக்கிழமை தவிர தினமும் விஷக்குழம்பு வைப்பார் என்று வாய்மொழித் தேர்வில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, இரவு

சோறு போடுமா என்றுதான் கேட்டிருந்தீர்கள், நான் இலக்கணம் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி.

பட்டம் முடித்ததும் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் சேர்ந்தேன். தலைநகர்ப் பக்கம் அப்படிப்பட்ட மையங்கள் நிறைய. ஐரோப்பிய மொழி தெரிந்தவர்களைத் தேடுவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த தோழியைவிட எனக்குச் சம்பளம் அதிகம். முதல் மாதம் அம்மாவுக்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கினேன். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனையும் அந்த வேலையில்தான் கட்டி முடித்தேன்.

வேலை நேரம் பாரிஸ் கடிகாரப்படி. கோடையில் அவர்கள் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஏழு. ஆக நமக்குப் பிற்பகலில் தொடங்கி நள்ளிரவில் முடியும்.

எண்கள்தான் என்னைக் கொன்றன. பிரெஞ்சுக்காரர் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார், பத்து இலக்கம், ஐந்து ஜோடி. எழுபதுக்கு 'அறுபது-பத்து'. எண்பதுக்கு 'நான்கு-இருபது'. தொண்ணூற்றேழு என்றால் 'நான்கு-இருபது-பத்து-ஏழு'. அவர் 'நான்கு' என்றதும் கை 4 எழுதிவிடும், 'இருபது' என்றதும் அழித்து 8, 'பத்து' வந்ததும் அழித்து 9. அழி ரப்பர் மட்டும் மாதம் ஒன்று தீர்ந்தது. தமிழில் பாருங்கள், எண்பது, தொண்ணூறு, எவ்வளவு நேராக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, காலை

ஐயோ, தொண்ணூறு நேரா என்று நான்கு பேர் பாய்ந்துவிட்டார்கள். ஆமாம், தொண்ணூற்றில் 'நூறு' இருக்கிறது. ஒன்பதுக்கு 'தொண்டு' என்ற பழைய பெயர் தொல்காப்பியத்திலேயே உண்டு. அதோடு நூறு சேர்ந்து தொண்ணூறு ஆனது என்றால், தொள்ளாயிரத்தில் ஆயிரம் எதற்கு வந்தது என்பதும் புரிகிறது. நாமும் வீட்டுக்கு முன்னால் நின்று அடுத்த தெருவின் பெயரைச் சொல்கிறவர்கள்தான். பிரெஞ்சுக்காரனைக் கேலி செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அவர்களிலேயே பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கு "செப்தாந்த்", தொண்ணூறுக்கு "நொனாந்த்" என்று நேராகச் சொல்கிறார்கள். பெல்ஜியத்திலிருந்து அழைப்பு வந்தால் எனக்குத் தீபாவளி.

ஆகஸ்ட் 25, மதியம்

இன்னொன்று, எழுதாமல் தூக்கம் வராது. பாரிஸில் மதியச் சாப்பாட்டுக்கு "தெஜனே" என்று பெயர். பிரித்தால் 'நோன்பு முறித்தல்'. ஆகவே முதலில் அது காலை உணவுதான். கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் இன்றும் காலை உணவுக்கு அதுவே பெயர். பாரிஸ்காரர்கள் அதை மதியத்துக்குத் தள்ளிவிட்டு, காலைக்குச் 'சின்ன தெஜனே' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். நாம் மலேசியாவில் காலையில் பார்த்தவரையெல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்கிறோம். தமிழ்நாட்டுக்காரர் இதைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பார். என்னிடம் யாராவது பிரெஞ்சு ஏன் பிடிக்கும் என்று கேட்டால், வானொலிப் பாட்டை விட்டுவிட்டு இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆகஸ்ட் 28, இரவு

24-ம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். சலவை இயந்திரம் வாங்கினேன் என்பதோடு நிறுத்தியது நேர்மையில்லை. ஆறு வருடம் இருந்தேன். கடைசி இரண்டு வருடம் கியூபெக் வாடிக்கையாளர்கள். அங்கே பகல் என்றால் நமக்கு முழு இரவு, கோடையில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். என் தங்கையின் கல்யாணத்தில் மண்டபத்து மூலையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன், படத்தில் இருக்கிறது. பட்டத்தின்போது படித்த நாவல்களும் கவிதைகளும், 'உங்கள் பொட்டலம் எப்போது வரும்' என்ற ஒரே வாக்கியத்தில் போய் முடிந்தன. ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: அந்த வேலை கிடைக்கும், கடனை அடைக்கும், ஆனால் வெளியே வரும் வழியைச் சேரும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? தோட்டத்திலிருந்து. ஐவரி கோஸ்ட், கேமரூன் நாடுகளில் ரப்பரும் செம்பனையும் நிறைய. அங்கே அலுவல் மொழி பிரெஞ்சு (கேமரூனில் ஆங்கிலமும்). இங்கிருந்து அங்கே ஆலை இயந்திரம் விற்கிறவர்களுக்குக் கையேடு பிரெஞ்சில் வேண்டும். பாரிஸில் படித்த மொழிபெயர்ப்பாளருக்கு மொழி தெரியும், ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர்ப்பால்) என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். இப்போது பெர்ஜுந்தையில் வீட்டிலிருந்தே அந்த வேலைதான். மாதத்துக்கு மாதம் வருமானம் ஏறும், இறங்கும். இரவில் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 29

ஒட்டுப்பால் பற்றிப் பேசியதால் இது.

நாம் 'பால்மரம் வெட்டுவது' என்கிறோம். பிரெஞ்சில் அந்த வேலைக்கு "சென்யே" என்று பெயர். அதற்குப் பொருள், இரத்தம் வடியச் செய்வது. நமக்குப் பாலாகத் தெரிந்தது அவர்களுக்கு இரத்தமாகத் தெரிந்திருக்கிறது. அதைச் செய்கிறவர் "சென்யர்". இங்கேதான் வேடிக்கை. பிரபு, எஜமான், கடவுள் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, அதுவும் "சென்யர்"தான். எழுத்தில் ஓர் எழுத்து மாறும், காதில் இரண்டும் ஒன்றே. அதிகாலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கும் கையில் உளியும் இடுப்பில் கொசுவர்த்தியுமாக நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போகிறவரும், பங்களாவில் இருக்கும் தொரையும் ஒரே ஒலி.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா தொரை ஒரு நாளாவது பால் பிடிக்கிற மங்கு கழுவியிருக்கணுமே" என்றார்.

ஆகஸ்ட் 29, பிறகு

ஒரு தங்கை திருத்தியிருக்கிறார். பெண் மரம் வெட்டினால் "சென்யெஸ்", ஆகவே அம்மாவுக்கு அந்தச் சிலேடை பொருந்தாது. சரிதான். எங்கள் வீட்டில் அப்பா புகைக்கூடம், அம்மாதான் நிரை. எங்களுக்குப் பிரபுப் பட்டம் கிடையாது.

செப்டம்பர் 1

பெர்ஜுந்தைப் பிள்ளை என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் வருட இலக்கிய வகுப்பில், பிரான்சின் கோன்கூர் பரிசு 1930-ல் மலாயாவைப் பற்றிய ஒரு நாவலுக்குப் போனது என்றார் ஆசிரியர். எழுதியவர் ஆன்ரி ஃபோகோனியே, 1905-ல் இங்கே வந்து கோலசிலாங்கூர் பக்கம் தோட்டம் போட்டவர். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 1917-ல் அவர் வைத்ததுதான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், அதன் பெயர் தென்னமரம் எஸ்டேட் என்றார். வகுப்பில் எழுந்து நின்றுவிட்டேன். சின்ன வயதில் சைக்கிளில் போன இடம்! தென்னமரம் என்று பெயர் வைத்து, செம்பனை நட்டிருக்கிறார்கள். இன்று நாடு முழுக்கப் பார்க்கிற இந்தப் பனைக்கெல்லாம் நம் ஊர்தான் பிள்ளையார் சுழி, அதைப் போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தம்பி, உங்கள் லோரிக்குள் இருப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

நாவலைப் படித்தேன். மொழி அழகு. மலாய்க்காரர்களுக்கு முகம் உண்டு, பேச்சு உண்டு, பந்துன்கள் (மலாய் நாலடிப் பாட்டு) நிறைய. நம் ஆட்கள் எனக்குப் பெரும்பாலும் கூட்டமாகவே தெரிந்தார்கள். அதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினேன். மதிப்பெண் சுமார்தான், 'உணர்ச்சி அதிகம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் உணர்ச்சி அதிகம்தான்.

செப்டம்பர் 3

பண்பாட்டுப் பாடம் கடினமா? மொழியைவிடக் கடினம். 'உங்கள் விடுமுறையைப் பற்றிப் பேசுங்கள்' என்பார்கள். பிரான்சில் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுப்பு 1936-ல் சட்டமானது, 1982-லிருந்து ஐந்து வாரம். கடற்கரைக்குப் போவதைப் பிறப்புரிமை போலப் பேசுகிற பாடப்புத்தகம் எனக்கு. நாங்கள் போன விடுமுறை, தைப்பூசத்துக்குப் பத்துமலை. அதைச் சொன்னால் சொல்வளம் போதாது. காவடிக்குப் பிரெஞ்சில் என்ன?

ஆனால் வேலைநிறுத்தம் பற்றிய பாடம் வந்தபோது நான் பேசினேன். 1941-ல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சம்பளத்தைக் கேட்டது எல்லாருக்கும் புரிந்தது, சைக்கிள்தான் புரியவில்லை. 'நீ', 'நீங்கள்' இரண்டையும் வைத்திருக்கிற மொழிக்காரர்களுக்கு அதை எப்படி விளக்குவது என்று யோசித்து, "தொரை எங்களுக்கு 'த்யூ' போடுவார், நாங்கள் அவருக்கு 'வூ' போட்டபடி இறங்க வேண்டும்" என்றேன். உடனே புரிந்தது.

அந்த நீ, நீங்கள் பற்றி: நாங்கள் அப்பாவை 'நீங்க', அம்மாவை 'நீ', முருகனை 'நீ'. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் தேவாலயத்தில் கடவுளை 'நீங்கள்' என்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். 1966-ல்தான் அவர்களுடைய முக்கிய ஜெபம் 'நீ'க்கு மாறியது. நம்மவர்கள் அந்த விஷயத்தில் எப்போதோ நெருங்கிவிட்டோம்.

செப்டம்பர் 4

பிரான்ஸ் போனீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை, போகவில்லை. ஒரு கோடைக்காலப் படிப்புக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகைக்குப் போட்ட விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் கிடந்து, கடைசி நாள் முடிந்த பிறகு 'ஒரு கையெழுத்து குறைகிறது' என்று திரும்பி வந்தது. விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மகளிடம் சொல்லுங்கள், எந்தப் பாரத்தையும் கொடுத்துவிட்டு வரக்கூடாது, ஒவ்வொரு வாரமும் போய் நிற்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு புதுச்சேரிக்குப் பத்து நாள் போனேன். தெருப் பலகையில் தமிழும் பிரெஞ்சும். போலீஸ்காரருக்குச் சிவப்புத் தொப்பி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த குடும்பத்தை அங்கே 'சொல்தா' என்கிறார்கள். அப்படி ஒரு பெரியவர் கடற்கரையில் என்னோடு பிரெஞ்சில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறி, "மலேசியாவா, அங்கே எதுக்கும்மா இது?" என்று கேட்டார். உங்கள் அண்ணன் கேள்விதான் தம்பி, சற்று மரியாதையாக.

செப்டம்பர் 6

இரண்டாவது ஐரோப்பிய மொழி எடுக்கலாமா என்கிறாள் மகள். போர்த்துகீசியம் கிடைத்தால் எடுக்கட்டும். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, துவாலை எல்லாம் அங்கிருந்து வந்தவை. மலாயிலும் ஜெண்டெலா, மேஜா, அல்மாரி, துவாலா. 1511-ல் மலாக்காவைப் பிடித்தவர்கள் வீட்டுச் சாமானின் பெயரை மட்டும் விட்டுப் போய்விட்டார்கள். டச்சுக்காரர் நமக்குத் தந்த சொல் கக்கூசு. ஒவ்வொருவர் கைராசி.

செப்டம்பர் 19, இரவு

மகள் சேர்ந்துவிட்டாளாம், நேற்று எனக்கே எழுதினாள். பொருட்களுக்கு ஆண்பால், பெண்பால் மனதில் நிற்கவில்லையாம். எல்லாருக்கும் அப்படித்தான். அஃறிணை என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்த நமக்கு நாற்காலி பெண், புத்தகம் ஆண் என்றால் எப்படி ஏறும்? நான் அறையில் இருந்த எல்லாப் பொருளிலும் நீலச் சுண்ணாம்புக்கட்டி, சிவப்புச் சுண்ணாம்புக்கட்டி கொண்டு கோடு போட்டு வைத்தேன். விடுதிக் காப்பாளர் திட்டினார். கோடு மனதில் ஏறியது.

திங்கட்கிழமை வகுப்பில் தன்னை அறிமுகப்படுத்த வேண்டுமாம். அப்பா என்ன வேலை என்று சொல்லத் தெரியவில்லை, லோரி ஓட்டுநர் என்றால் போதுமா, குலையையும் சொல்லலாமா என்று கேட்டாள். சொல் என்றேன். பிரெஞ்சில் குலைக்கு "ரெழீம்". ஆட்சிமுறைக்கும் அதே சொல்தான். புரட்சிக்கு முந்திய மன்னராட்சியைப் பாடத்தில் "ஆன்சியேன் ரெழீம்" என்று படிப்பாள். எனக்கு இன்றைக்கும் அது 'பழைய குலை' என்றே காதில் விழும். ஆகவே 'என் அப்பா லோரியில் ரெழீம் ஏற்றுகிறார்' என்று சொன்னால் வகுப்பு ஒரு நொடி விழிக்கும். விழிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் 'பனை' என்று சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.